வேலையைக் கொடுத்துவிட்டீர்கள், முடிவை யார் எடுப்பது?

கேள்வி:

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் இருபது வருடங்களுக்கு மேலாக மாவுக்கடை நடத்துகிறேன். இரண்டு கிரைண்டரில் ஆரம்பித்தது. இன்று ஆறு கிரைண்டர், ஏழு ஆட்கள். இட்லி, தோசை மாவோடு சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி, விசேஷ வீடுகளுக்கு டிபன் ஆர்டர் என்று வளர்ந்திருக்கிறது. முன்பு நம்மவர்கள்தான் வாங்குவார்கள். இப்போது பாதிக்கு மேல் வங்காளிகள்.

பதினோரு வருடமாக என்னிடம் ஒரு தீதி வேலை செய்கிறார். விடியற்காலையில் கேனிங் லோக்கல் ரயிலில் வந்து இறங்குவார். அரைப்பது, பேக் செய்வது எல்லாம் அவர் மேற்பார்வைதான். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி ஆர்டர் சமையலைப் பார்க்கிறார். கவுன்ட்டரில் ஒரு பையன். எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் நான் இல்லாமல் ஒரு காரியம் நகர்வதில்லை. மாவு பொங்கியது போதுமா, கேஸ் தீர்ந்துவிட்டது, உளுந்து விலை ஏறியிருக்கிறது வாங்கலாமா, புளிக்கிறது என்று ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறார், என்ன சொல்வது என்று எல்லாம் என்னிடமே வருகிறது. போன வருடம் நான் காய்ச்சலில் படுத்தபோது, "எல்லாம் நீயே பார்த்துக்கொள்" என்று தீதியிடம் சொன்னேன். அவரோ வந்த பெரிய ஆர்டரை, "அம்மா வந்த பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சென்னையில் இருக்கும் என் மகளுக்குத் தை மாதம் பிரசவம். மார்கழியில் போனால் மூன்று மாதமாவது அங்கே இருக்கவேண்டும். அதற்கு முன்னால் நவராத்திரியும் துர்கா பூஜையும் வேறு இருக்கின்றன. வீட்டில் கணக்கு எழுதித்தரும் என் கணவர், மூன்று மாதம் கடையைப் பூட்டிவிடலாம் என்கிறார். எதை ஒப்படைக்கலாம், எதைக் கூடாது? கைப்பக்குவத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பணத்தை எந்த நம்பிக்கையில் விடுவது? கடையைப் பூட்டுவதுதான் சரியா?

ஒரு வாசகி, கொல்கத்தா

பதில்:

கடையைப் பூட்டவேண்டாம், சகோதரி. மாவு வாங்குகிறவர் தினமும் வருகிற வாடிக்கையாளர். மூன்று மாதம் வேறு கடையில் வாங்கிப் பழகியவரைத் திரும்ப அழைத்து வருவது மிகவும் கடினம். ஏழு குடும்பங்களின் சம்பளமும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. நீங்கள் ஆவணியிலேயே எழுதிவிட்டீர்கள். மார்கழிக்குள் இதைச் சரிசெய்யப் போதிய அவகாசம் உண்டு.

முதலில், போன வருடம் நடந்ததைத் தீதியின் இடத்திலிருந்து பாருங்கள். "நீயே பார்த்துக்கொள்" என்று சொன்னீர்கள். அந்த ஆர்டரை ஒப்புக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டா? முன்பணம் எவ்வளவு கேட்கவேண்டும்? கூடுதல் உளுந்து வாங்கப் பணம் எங்கே? தவறாகப் போனால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இதில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆகவே யாருக்கும் நஷ்டம் வராத ஒரே வழியை எடுத்தார்: மறுத்துவிட்டார். அவர் திறமையில் குறை இல்லை. பதினோரு வருடமாக நீங்கள் அவரிடம் வேலைகளைக் கொடுத்திருக்கிறீர்கள்; முடிவுகளை உங்களிடமே வைத்துக்கொண்டீர்கள். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் வேர் இதுதான். ஒப்படைப்பது என்றால் ஒரு முடிவை, அதற்கு வேண்டிய பணத்தோடும் ஓர் எல்லையோடும் இன்னொருவருக்குக் கொடுப்பது. எல்லைக்குள் அவர் எடுக்கும் முடிவு உங்கள் முடிவிலிருந்து வேறுபட்டாலும் அதை ஏற்றுக்கொள்வது.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. ஆசார்யா பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் பெங்கால் கெமிக்கல் மருந்து நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர் பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்தார். அப்பர் சர்க்குலர் ரோடில் 91-ஆம் எண் வாடகை வீடு, சில நூறு ரூபாய் முதல், அவ்வளவுதான். அந்தச் சாலைக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பகலில் வகுப்பும் ஆய்வும் இருந்ததால் முழுநாளும் தொழிலில் நிற்க அவரால் முடியாது. மருந்தைச் செய்ய அவருக்குத் தெரியும். அதை மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும்படி செய்வது வேறொருவரின் துறை. அதற்கு அமுல்ய சரண் போஸ் என்ற மருத்துவர் கூட்டாளியாக வந்து சேர்ந்தார். அவர் 1898-இல் பிளேக் நோயில் இறந்துபோனது பெரும் இடி. ஆனாலும் 1901-இல் நிறுவனம் லிமிடெட் கம்பெனி ஆனது. 1903-இல் ராஜசேகர் போஸ் என்ற இளம் வேதியியலாளர் வேலைக்குச் சேர்ந்தார். சீக்கிரமே நிர்வாகப் பொறுப்பு அவர் கைக்குப் போயிற்று. ஏறக்குறைய முப்பது வருடம் அவர் அதைச் சுமந்தார். 'பரசுராம்' என்ற புனைபெயரில் வங்காளிகள் கொண்டாடும் சிறுகதைகளை எழுதியவரும், 'சலந்திகா' அகராதியைத் தொகுத்தவரும் இவரேதான்.

இதில் உங்களுக்கு உள்ள செய்தி, ராயின் நிறுவனம் ராயின் நேரத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது என்பது. தன்னால் நிற்க முடியாத இடத்தில் இன்னொருவரை, அந்த இடத்துக்கு முழுப் பொறுப்பாளராக நிறுத்தியதால்தான் அது முடிந்தது. உங்கள் கடை இன்று உங்கள் இரண்டு கைக்கும் ஒரு போனுக்கும் எவ்வளவு எட்டுமோ அவ்வளவில் நின்றுவிட்டது.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு, உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். நீங்களும் அதே பதிலையே சொல்லியிருப்பீர்கள். அப்படிப்பட்டவை எல்லாம் கொடுத்துவிட வேண்டியவை.

கேஸ் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 19 கிலோ சிலிண்டரை அடுப்பில் மாட்டியதும் அடுத்ததுக்குச் சொல்லிவிடுவது ஒடிசாத் தம்பியின் பொறுப்பு; உங்களிடம் கேட்கவேண்டியதில்லை. மாவு புளிக்கிறது என்று பாக்கெட் திரும்பி வந்தால் கவுன்ட்டர் பையன் வாதாடாமல் வேறு பாக்கெட் கொடுக்கலாம், அல்லது பணத்தைத் திருப்பலாம். ஒரு வாடிக்கையாளருக்கு 200 ரூபாய் வரை அவனே முடிவு செய்யலாம். ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவிடலாம் என்று ஒரு விதி உண்டு. தொகை அவர்களுடையது, முறை உங்களுக்கும் பொருந்தும். எல்லையை ஒரு எண்ணாகச் சொல்லிவிட்டால் ஊழியருக்குப் பயம் போய்விடும், உங்களுக்கும் அதற்கு மேல் போகாது என்ற தைரியம் இருக்கும்.

டிபன் ஆர்டரும் அப்படித்தான். ஐம்பது பேர் வரை, பாதிப் பணம் முன்னதாக வந்துவிட்டால், தீதியே ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் உங்களைக் கேட்கவேண்டும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். விலையை மாற்றுவது, ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, கடன் வாங்குவது, மாவின் தரம் என்னவென்று தீர்மானிப்பது. உணவுப் பாதுகாப்பு உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. மாவில் ஏதாவது கெட்டுப்போய் யாருக்காவது உடம்புக்கு வந்தால், அரசிடம் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். தீதியைக் கைகாட்ட முடியாது. ஆகவே சுத்தம், குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை, பாக்கெட்டில் தேதி ஆகிய மூன்றையும் யார் செய்தாலும் சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை எதிர்பாருங்கள். கொடுத்த முடிவு உங்களிடமே திரும்பி வரும். 1974-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வில்லியம் ஆன்கென், டொனால்ட் வாஸ் என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைக் குரங்குக்கு ஒப்பிட்டது. ஊழியரின் தோளில் இருக்கிற குரங்கு, "ஒரு பிரச்சினை" என்று அவர் சொல்லி, "சரி, நான் பார்க்கிறேன்" என்று முதலாளி சொல்லும் அந்த நொடியில் தோள் மாறிவிடுகிறது என்றார்கள். ஆகவே தீதி போன் செய்து "என்ன செய்யட்டும்?" என்றால் பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அவர் சொல்வது எல்லைக்குள் இருந்தால், "அப்படியே செய்" என்று சொல்லுங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றினாலும் அந்த நேரத்தில் சொல்லவேண்டாம். ஐந்தாறு முறை இப்படி நடந்தால் போன் தானாகக் குறையும்.

கைப்பக்குவத்தை எழுத்தில் கொண்டுவருவது

கைப்பக்குவம் "பார்த்தாலே தெரியும்" என்று நீங்கள் நினைக்கலாம். அது உண்மைதான். ஆனால் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும். அரிசியையும் உளுந்தையும் படியில் அளக்காமல் தராசில் நிறுங்கள், தண்ணீரையும் நிறுங்கள். உளுந்து அரைபட்டதா என்பதற்கு, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும் என்ற பழைய சோதனை போதும். யார் செய்தாலும் ஒரே விடை. பொங்கியதா என்பதற்கு, மாவு ஊற்றியவுடன் பாத்திரத்தின் வெளியே ஒரு கோடு, எவ்வளவு உயரம் வந்தால் எடுக்கவேண்டுமோ அங்கே இன்னொரு கோடு.

இதில் நீங்கள் மிகவும் யோசிக்கவேண்டியது பருவம். மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு; உளுந்தோடும் அரிசியோடும் வரும் அது 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் நன்றாக வேலை செய்யும். கொல்கத்தாவின் வைகாசியில் அந்தச் சூடு தாராளமாகக் கிடைக்கும். மாவு சீக்கிரம் பொங்கி, கவனிக்காவிட்டால் புளித்துவிடும். ஜனவரி இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கினால் அதே மாவு காலையில் அசையாமல் கிடக்கும். நீங்கள் ஊரில் இல்லாத மூன்று மாதத்தில் பெரும்பகுதி அந்தக் குளிரில்தான் வருகிறது. இருபது வருடமாகக் குளிரில் நீங்கள் செய்துவரும் மாற்றங்களை எல்லாம் இப்போதே எழுதிவையுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீரில் அரைப்பது, எத்தனை மணி நேரம் முன்னதாக அரைப்பது, பாத்திரத்தை எங்கே வைப்பது, சாக்குப் போர்த்துவதா. சுவரில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். அறை இவ்வளவு டிகிரி என்றால் இத்தனை மணி நேரம் என்று ஒரு அட்டவணை இருந்தால், உங்கள் அனுபவத்தில் பெரும்பகுதி அதில் இறங்கிவிடும்.

அதை வங்காள எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல தீதியே, அல்லது அவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளை எழுதட்டும். தன் மொழியில், தன் கையால் எழுதிய முறையை ஒருவர் எளிதில் விட்டுவிடமாட்டார். அவர் எழுதும்போது, "அம்மா, நான் இதை இப்படிச் செய்கிறேன், நன்றாக வருகிறது" என்று ஏதாவது சொன்னால் சோதித்துப் பாருங்கள். பதினோரு வருடம் அரைத்த கைக்குத் தெரிந்தது உங்கள் நோட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

பணத்தை எந்த நம்பிக்கையில் விடுவது

ஒருவரை நம்புவதும் கணக்குப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. கணக்கு ஒழுங்காக இருந்தால் நல்லவர் மேல் வீண் சந்தேகம் விழாது. உங்கள் ஊரின் வரலாறே இதைச் சொல்கிறது. 1829-இல் கல்கத்தாவில் துவார்காநாத் தாகூர் முன்னின்று தொடங்கிய யூனியன் பேங்க் அந்தக் காலத்தில் பெரிய பெயர். அதன் இயக்குநர்களில் பலர் வணிக நிறுவனங்களின் பங்காளிகள். தங்கள் நிறுவனங்களுக்கே, அவுரி வியாபாரத்தை நம்பி, பெரும் கடன்களுக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டார்கள். அவுரி சரிந்தபோது, துவார்காநாத் இறந்து இரண்டு வருடம் ஆவதற்குள், வங்கியும் விழுந்தது. அவருடைய கார்-தாகூர் கம்பெனியும் விழுந்தது. கடன் கேட்பவரும் கடனுக்குச் சரி சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தது பெரிய ஓட்டை.

ஏழு பேர் உள்ள கடையிலும் இந்த ஓட்டையை அடைக்கலாம். போஸ்தா பஜாரிலோ கோலே மார்க்கெட்டிலோ சரக்கு வாங்குவது ஒருவர். கடைக்கு வந்ததும் நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்வது இன்னொருவர். ரசீதையும் எடையையும் ஒப்பிட்டுக் கணக்கில் ஏற்றுவது உங்கள் கணவர். மூன்று கைகள். யாரையும் திருடன் என்று நினைக்கவேண்டியதில்லை. எல்லோருக்கும் இதுதான் முறை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சில்லறைச் செலவுக்கு இப்போது ஒரு நல்ல வசதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்டில் அறிவித்த யு.பி.ஐ. சர்க்கிள். உங்கள் கணக்கிலிருந்து, நீங்கள் விதிக்கும் எல்லைக்குள், வேறொருவர் தன் போனிலிருந்து பணம் செலுத்தலாம். முழு அனுமதி கொடுத்தால் ஒரு முறைக்கு 5,000 ரூபாயும் மாதத்துக்கு 15,000 ரூபாயும் உச்சவரம்பு. பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் உங்கள் போனில் சரி சொன்னால்தான் பணம் போகும். அன்றாடக் காய்கறிக்கும் பேக்கிங் கவருக்கும் தீதிக்கு முழு அனுமதி, பெரிய கொள்முதல் செய்பவருக்குப் பகுதி அனுமதி என்று தொடங்கலாம். உங்கள் வங்கியும் செயலியும் இதை எப்படித் தருகின்றன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் வரும் பணம் உங்கள் கணக்கின் கியூஆர் கோடுக்கே போகட்டும். ரொக்கத்தை இரவு எண்ணி, தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பின் எண், ஓடிபி, காசோலைப் புத்தகம் ஆகியவற்றை எவ்வளவு நம்பிக்கையானவரிடமும் கொடுக்காதீர்கள். அவசரத்துக்குக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம்.

பூஜைக்கு முன்னும் பின்னும்

மார்கழியில் ரயில் ஏறும் அன்று ஒப்படைத்தால் அது கைவிட்டுப் போவதாகத்தான் முடியும். ஆவணியிலேயே கேஸ், பாக்கெட் திருப்பல், அன்றாடக் கொள்முதல் ஆகிய மூன்றையும் கொடுத்துவிடுங்கள். தவறுகள் நடக்கும். நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நடந்தால் அதன் விலை குறைவு.

பூஜைக் காலத்தில் உங்கள் கடைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் கொலு, சுண்டல், சரஸ்வதி பூஜை என்று ஆர்டர் உச்சத்துக்குப் போகும் அதே நாட்களில்தான் தீதிக்கும் மற்றவர்களுக்கும் ஷஷ்டி முதல் தசமி வரை வருடத்தின் பெரிய பண்டிகை. அஷ்டமியன்று அஞ்சலி செலுத்தப் போகவேண்டும் என்று அவர்கள் நினைப்பது நியாயம். அந்த ஐந்து நாளின் முறைப்பட்டியலை இந்த வருடம் நீங்கள் போடாதீர்கள். தீதி தலைமையில் அவர்களே போடட்டும். எந்த நாளில் எத்தனை கிலோ மாவு வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். யார் எப்போது வருவது, யாருக்கு எந்த நாள் விடுப்பு என்பது அவர்கள் பொறுப்பு. அதைச் சமாளித்துவிட்டால் மூன்று மாதத்தையும் சமாளிப்பார்கள்.

கார்த்திகையில் ஒரு முழு வாரம், ஊரிலேயே இருந்துகொண்டு, கடைக்குப் போகாதீர்கள். இரவு ஒரு போன் மட்டும்: எவ்வளவு அரைத்தது, எவ்வளவு விற்றது, எத்தனை பாக்கெட் திரும்பியது, ரொக்கம் எவ்வளவு. இந்த நான்கு எண்களும் ஒழுங்காக இருந்தால் கடை ஒழுங்காக இருக்கிறது. சென்னையிலிருந்தும் அதே நான்கு எண்களைத்தான் கேட்பீர்கள். கேமரா வைத்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒப்படைத்ததாகவே ஆகாது. பேரக்குழந்தையைக் கவனிக்கவும் மனசு இருக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பொறுப்பைக் கொடுக்கும் மாதத்திலிருந்தே தீதியின் சம்பளத்தைக் கூட்டுங்கள். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவேண்டாம். பூஜை போனஸை இதில் சேர்த்துக் கணக்குப் பார்க்கவும் வேண்டாம். அது எல்லோருக்கும் உரியது. சம்பளம் ஏறாமல் பொறுப்பு மட்டும் ஏறினால் அவருக்கு அது கூடுதல் சுமைதான். நல்ல ஆட்கள் அப்படித்தான் கடையை விட்டுப் போகிறார்கள். மற்ற ஆறு பேரையும் கூட்டிவைத்து, இன்ன இன்ன விஷயங்களில் இனி தீதி சொல்வதுதான் முடிவு என்று அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாராவது அவரைத் தாண்டி உங்களிடம் வந்தால், "தீதியைக் கேள்" என்ற ஒரு பதிலைத் தவிர வேறு எதுவும் சொல்லாதீர்கள். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். நிம்மதியாகப் போய் வாருங்கள்.